பிள்ளை பேசிய சொல்லும் டீச்சர் போட்ட அடியும்

போன தவணையில் ஒரு செவ்வாய்க்கிழமை. பின்னேரக் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்து சேரும்போது ஐந்து மணியாகிவிட்டது. என் பேரன் இஸ்தோப்பில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தரம் இரண்டில் படிக்கிறவன். மற்ற நாளென்றால் என் பையைக் கண்டதும் ஓடி வந்து ரொட்டித் துண்டு மிச்சம் இருக்கிறதா என்று துழாவுவான். அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிட்டப் போய் முகத்தைத் திருப்பினேன். மேல் உதடு வீங்கியிருந்தது.

"டீச்சர் அடிமட்டத்தால வாயில அடிச்சாங்க அப்பாயி. கெட்ட வார்த்த பேசுனேன்னு."

என்ன வார்த்தை என்று கேட்டேன். காதுக்குள் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்தப் பத்திரிகையை வைக்க முடியாது. ஆனால் அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகக் கேட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 31 வருடம் கொழுந்து பறித்தவள் நான். பெரட்டுக்களத்தில் பிந்தி வந்த பெண்களைப் பார்த்து, நிறுவை குறைந்தவர்களைப் பார்த்து, அதே சொல்லை எத்தனையோ காலைகளில் கேட்டிருக்கிறேன்.

என் மகன் வேலை முடிந்து வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முதலில் பிள்ளையின் முதுகில் இரண்டு வைத்தான். "எங்க மானத்த வாங்கிட்டியேடா" என்றான். அதற்குப் பிறகுதான் உதட்டைப் பார்த்தான். உடனே, "யாரு என் புள்ள வாயில அடிச்சது? நாளைக்கு நாலு பேரோட போய் அந்த டீச்சர ஒரு கை பாத்துட்டு வாறேன்" என்று கத்தத் தொடங்கினான். இரண்டும் பத்து நிமிடத்துக்குள் நடந்தது. தானும் அடித்தான், அடித்தவரைக் கேட்கப் போவதாகவும் சொன்னான்.

இதை என் வீட்டுக் கதை என்பதற்காக எழுதவில்லை. மாதர் தலைவியாக இருப்பதால் இப்படிப்பட்ட வழக்குகள் என்னிடம் வரும். வருகிற எல்லா வீட்டிலும் மூன்றில் ஒன்றுதான் நடக்கிறது. ஒன்று, பாடசாலையில் பட்ட அடி போதாதென்று வீட்டிலும் அடிக்கிறோம். இரண்டு, ஆள் சேர்த்துக்கொண்டு பாடசாலைக்குச் சண்டைக்குப் போகிறோம். மூன்று, "நமக்கு எதுக்கு வம்பு, டீச்சர் கோவிச்சுக்கிட்டா புள்ளைக்குத்தான் கஷ்டம்" என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். மூன்றும் பிழை. நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. அது கொஞ்சம் கஷ்டமான வழி. ஏனென்றால் அதில் டீச்சரைக் கேட்பதற்கு முன்னால் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பாடசாலைக்குப் போனபோது

அன்றிரவு மகனைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தேன். புதன்கிழமை காலை பிள்ளை வயிற்றுவலி என்றான். வியாழக்கிழமையும் வயிற்றுவலி. வியாழன் இரவு பக்கத்தில் படுத்திருந்தவன் மெதுவாக ஒரு கேள்வி கேட்டான்.

"அப்பாயி, இஸ்தோப்பும் கெட்ட வார்த்தையா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது. அதற்கு முந்திய கிழமை வகுப்பில் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இவன், "எங்க வீட்டு இஸ்தோப்புல நாய்க்குட்டி கட்டியிருக்கு" என்று சொல்லியிருக்கிறான். "தோட்டத்துப் பேச்சு பேசாத, சரியாப் பேசு" என்று எல்லாருக்கும் முன்னால் பேச்சு விழுந்திருக்கிறது. மற்றப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். ஆகவே பிள்ளையின் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஒன்றுக்குச் சிரிப்பு, மற்றதற்கு அடி. வீட்டில் பேசுகிற எந்தச் சொல்லைப் பாடசாலையில் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று தெரியாததால் அவன் பேச்சையே நிறுத்திவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலைக் கொழுந்தோடு அரைப்பேர் போட்டுவிட்டு, மருமகளையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போனேன். முதலில் அதிபரிடம் சொல்லிவிட்டு, பிள்ளைகள் போன பிறகு டீச்சரைப் பார்த்தோம். தரம் ஒன்றும் இரண்டும் அவர் ஒருவரிடம்தான். இரண்டு வகுப்புக்கும் சேர்த்து ஒரே அறை, நடுவில் ஒரு தட்டி. தொண்டை கட்டிப்போயிருந்தது அவருக்கு.

"வாங்கம்மா, ஒக்காருங்க" என்றார். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் சொன்னார்: "வாயில அடிச்சது என் பிழைதாம்மா. ஆனா அந்த வார்த்தைய அவன் ஒரு பொம்பளப் புள்ளையப் பாத்துச் சொன்னான். அந்தப் புள்ள அழுதுகிட்டு வகுப்ப விட்டு ஓடிருச்சு. அந்த நேரம் எனக்குக் கை நீண்டுருச்சு."

அதை என் பேரன் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அவன் வாங்கிய அடியைத்தான் கேட்டோமே தவிர, அவனிடம் பேச்சு வாங்கிய பிள்ளை யார் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையும் நம் தோட்டத்துப் பிள்ளைதான். அவளுடைய அம்மா என்னோடு ஒரே மலையில் நிற்கிறவள்.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். "நானும் லயத்துல பொறந்து வளந்தவதாம்மா. டவுன் இஸ்கூலுக்குப் போனப்ப ஒரு வார்த்தைய வச்சே தோட்டத்துப் புள்ளன்னு ஒதுக்குனாங்க. நம்ம புள்ளைங்களுக்கு அது நடக்கக்கூடாதுன்னுதான் இந்த வயசுலயே திருத்தப் பாக்கிறேன்."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. நான் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க திருத்தணும் டீச்சர். அதுக்குத்தான் அனுப்புறோம். ஆனா அவன் இப்ப அந்த வார்த்தைய மட்டும் விடல, எல்லா வார்த்தையையும் விட்டுட்டான். மூணு நாளா வீட்லயே பேசமாட்டேங்கிறான்."

டீச்சர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இஸ்தோப்பு விஷயத்த நான் அப்பிடி நெனைக்கலம்மா" என்றார்.

இரண்டையும் ஒன்றாக்கக்கூடாது

கெட்ட வார்த்தை வேறு, தோட்டத்துப் பேச்சு வேறு. கெட்ட வார்த்தை இன்னொருவரை நோகடிக்கும். பெண் பிள்ளையைக் கூசவைக்கும், சாதியை இழுக்கும், தாயை இழுக்கும். அதைத் திருத்தத்தான் வேண்டும். பாடசாலையும் திருத்த வேண்டும், நாமும் திருத்த வேண்டும். "சின்னப் புள்ள, தெரியாமச் சொல்லிட்டான்" என்று விட்டுவிடுவது அந்த அழுத பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

தோட்டத்துப் பேச்சு அப்படியல்ல. அது யாரையும் நோகடிப்பதில்லை. பெரட்டு, காம்பரா, இஸ்தோப்பு, கவ்வாத்து, பீலி என்று நாம் பேசுவது நம் பாட்டன் பூட்டன் இந்த மலையில் வேலை செய்து வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து வந்த பேச்சு. 'இது தமிழே இல்லை' என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இஸ்தோப்பு ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்தது, உண்மைதான். ஆனால் பாடசாலையில் சரியென்று சொல்கிற விறாந்தையும் போர்த்துக்கேயரோடு வந்த சொல்தான். வகுப்பிலிருக்கிற மேசை, அலுமாரி, வாங்கு, ஜன்னல் எல்லாமே போர்த்துக்கேயச் சொற்கள்தான். வெளியிலிருந்து வந்த சொல் டவுனில் இருந்தால் நல்ல தமிழ், லயத்தில் இருந்தால் கொச்சைத் தமிழா?

தொழிற்சங்கவாதியும் கவிஞருமான சி.வி. வேலுப்பிள்ளை தோட்டங்கள்தோறும் நம் மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அந்தப் பாடல்களெல்லாம் இந்த லயத்துப் பேச்சில்தான் இருந்தன. ஒரு மனிதர் நூலாக்கி வைக்கத்தக்கது என்று எண்ணிய பேச்சை, ஆறேழு வயதுப் பிள்ளை வகுப்பில் பேசினால் வெட்கப்பட வேண்டியதில்லை.

அதற்காகப் பாடசாலைத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும், விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டும், நேர்முகப் பரீட்சைக்குப் போக வேண்டும். அதற்குப் புத்தகத் தமிழ் கட்டாயம் தேவை. அதைச் சொல்லிக் கொடுக்கிற விதம்தான் பிரச்சினை. "தோட்டத்துப் பேச்சு பேசாத" என்பதற்குப் பதிலாக, "வீட்ல இஸ்தோப்புன்னு சொல்லுவோம், புத்தகத்துல விறாந்தைன்னு எழுதுவோம். ரெண்டையும் தெரிஞ்சு வச்சுக்க" என்று சொன்னால் போதும். பிள்ளை ஒரு சொல்லை இழக்காது. இரண்டு சொல் கற்றுக்கொள்ளும். அதற்கு மேலதிகமாக ஒரு நிமிடமும் ஆகாது.

அடி பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது

முதலாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும்போது நம்மில் பலர் சொல்லியிருக்கிறோம்: "கண்ண மட்டும் விட்டுட்டு மத்த எடத்துலயெல்லாம் அடிங்க டீச்சர்." நானும் என் மகனைச் சேர்க்கும்போது இதைத்தான் சொன்னேன். மரியாதைக்காகச் சொல்கிற வார்த்தை என்று நினைத்தோம். ஆனால் அது ஓர் அனுமதிதான். கொடுக்க நமக்கே உரிமையில்லாத அனுமதி.

பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை கொடுக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2005/17 இலக்கச் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. பின்னர் 12/2016 இலக்கச் சுற்றறிக்கையும் அதையே சொன்னது. சிறுவரைக் கொடுமைப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின் கீழ் குற்றம். இந்தப் பிரிவு 1995இல் சேர்க்கப்பட்டது. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மானத்தைக் காக்கிற முறையில் இருக்க வேண்டும் என்பது அதன் 28ஆம் உறுப்புரை.

2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைக் கொடுத்தது. ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததால் மாணவன் ஒருவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கு அது. கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்தையிலிருந்து பாதுகாப்பு அளிக்கிற அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டிருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. அந்த ஆசிரியரும் அரசும் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே 'அடிக்கிறது டீச்சர்மாரோட உரிமை' என்கிற பேச்சு முடிந்துபோன பேச்சு.

"நாங்க அடி வாங்கித்தானே வளந்தோம், நல்லாத்தானே இருக்கோம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது: நம்மோடு படித்தவர்களில் எத்தனை பேர் அடிக்குப் பயந்து, பேச்சுக்கு வெட்கப்பட்டு, இடையிலேயே நின்றார்கள்? அவர்களும் நம்மைப் போல் மலைக்குத்தான் வந்தார்கள். நானும் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டில் காசில்லாததும் ஒரு காரணம். வாசிக்கச் சொல்லி எழுப்பும்போதெல்லாம் என் பேச்சைக் கேட்டு வகுப்பு சிரித்தது இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்தை இத்தனை வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளை கெட்ட வார்த்தையைத் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. அதற்கு அர்த்தமும் தெரியாது. அந்தச் சொல்லைச் சொன்னால் பெரியவர்கள் முகம் மாறுகிறது, எதிரில் இருப்பவர் அடங்கிப்போகிறார் என்பது மட்டும் தெரியும். கோபம் வந்தால் எடுத்து வீசுகிற கல் மாதிரி அதை வைத்துக்கொள்கிறது.

என் வீட்டில் அது எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். இரவில் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அன்றைய கதை பேசுவோம். "இன்னைக்கு பெரட்டுல என்னைய என்னா கேட்டாரு தெரியுமா?" என்று என் மகன் தொடங்குவான். அந்த மேலதிகாரி பேசிய பேச்சை ஒரு எழுத்து விடாமல் அப்படியே சொல்வான். அவனுக்கு அது வயிற்றெரிச்சல். சொல்லித்தான் ஆற வேண்டும். பக்கத்தில் பிள்ளை ரொட்டி தின்றுகொண்டிருக்கும். பெரியவர் ஒருவர் தனக்குக் கீழே இருப்பவரை அடக்க இந்தச் சொல்லைப் பாவிக்கிறார் என்பதைத்தான் பிள்ளை படித்துக்கொண்டது. அடுத்த நாள் தன்னைவிடச் சின்னவளாக இருந்த ஒரு பிள்ளையிடம் அதைப் பாவித்தது. காலையில் அப்பனுக்கு விழுந்த பேச்சு இப்படிச் சுற்றி வந்து ஒரு சின்னப் பெண் பிள்ளையின் தலையில் இறங்கியது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பேச்சுப் பழகுகிற இரண்டு வயதுப் பிள்ளை மழலையில் ஒரு கெட்ட வார்த்தையைச் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? லயமே சிரிக்கிறது. "இன்னொரு தரம் சொல்லு, மாமாவுக்குச் சொல்லிக் காட்டு" என்கிறோம். இரண்டு வயதில் கைதட்டிச் சிரித்துவிட்டு அதே சொல்லுக்கு ஆறு வயதில் அடிக்கிறோம். பிள்ளைக்கு என்ன விளங்கும்? சாராயம் குடித்துவிட்டு வந்து பேசுகிற பேச்சைப் பற்றி நான் எழுதவே தேவையில்லை. எல்லா லயத்துக்கும் தெரியும்.

ஆகவே என்ன செய்யலாம்

என் அனுபவத்திலும், மற்ற வீட்டு வழக்குகளில் பார்த்ததிலும் பிரயோசனப்பட்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில், அன்றிரவு பிள்ளையை அடிக்க வேண்டாம். வாயில் மிளகாய்த்தூள் போடுகிறேன், சூடு வைக்கிறேன் என்று மிரட்டவும் வேண்டாம். இரண்டே கேள்வி கேளுங்கள். நீ என்ன சொன்னாய், யாரைப் பார்த்துச் சொன்னாய்? பிறகு, டீச்சர் என்ன செய்தார்? முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் கேட்பதுதான் நாம் விடுகிற பிழை.

இரண்டாவது, கோபத்தோடு போக வேண்டாம், கூட்டமாகவும் போக வேண்டாம். இரண்டு பேர் போதும். அதிபரிடம் சொல்லிவிட்டு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் டீச்சரைச் சந்தியுங்கள். 2021இல் ஆசிரியர்களும் அதிபர்களும் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி மாதக்கணக்கில் போராடினார்கள். நமக்கு 1000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்ததும் அதே வருடம்தான். அவர்களும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள்தான். எதிரி மாதிரிப் போய் நின்றால், நாளை நம் பிள்ளை அந்த வகுப்பில் எப்படி இருக்கும்?

மூன்றாவது, சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "புள்ள பேசினது பிழை, நாங்க வீட்ல திருத்துவோம். ஆனா அடிக்கவும் கூடாது, எல்லாருக்கும் முன்னால வெட்கப்படுத்தவும் கூடாது. தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க, எங்களுக்குக் கொப்பியில எழுதி விடுங்க." பணிவாகச் சொல்லலாம். ஆனால் சொல்லாமல் வரக்கூடாது.

நான்காவது, வீட்டிலும் பாடசாலையிலும் ஒரே விதியை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் டீச்சரோடு பேசி முடிவெடுத்தது இதுதான். அந்தச் சொல் வந்தால் சத்தம் போடாமல், "இது இன்னொருத்தர நோகடிக்கிற சொல்லு, வேணாம்" என்று ஒரே மாதிரிச் சொல்வது. கோபம் வந்தால் "எனக்குக் கோவமா இருக்கு" என்று சொல்லப் பழக்குவது. யாரைப் பேசினானோ அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வைப்பது. அன்று மாலையே அவனை அந்தப் பிள்ளையின் லயத்துக்குக் கூட்டிப்போனேன். தலையைக் குனிந்துகொண்டு "இனிமே சொல்லமாட்டேன்" என்றான். அந்தப் பிள்ளை அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று கேட்டது.

ஐந்தாவது, இதையெல்லாம் செய்த பிறகும் அடி தொடர்ந்தால் பேசாமல் இருக்க வேண்டாம். எழுத்தில் அதிபருக்குக் கொடுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பயனில்லாவிட்டால் கோட்டக் கல்வி அலுவலகம், பிறகு வலயக் கல்விப் பணிமனை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். காயம் பட்டிருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பதிவு செய்யுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் சொல்லலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். ஆகவே பாரதூரமான சம்பவம் என்றால் தாமதிக்காமல் தோட்டத் தலைவரிடம் அல்லது மாவட்டக் காரியாலயத்தில் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்காகப் பேசுவதும் சங்கத்தின் வேலைதான்.

சங்கம் எடுக்க வேண்டிய மூன்று விஷயங்கள்

வீட்டுக்கு வீடு செய்வதால் மட்டும் இது தீராது. மூன்று விஷயங்களைத் தோட்டக் கமிட்டிகள் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

ஒன்று, பெரட்டுக்களத்துப் பேச்சு. பெயர் சொல்லிக் கூப்பிட முடியாதவர்களா நாம்? நிறுவை குறைந்தால் குறைந்தது என்று சொல்லலாம். அதற்குத் தாயையும் தங்கையையும் இழுக்கத் தேவையில்லை. யார், எந்தத் திகதியில், எந்த மலையில், என்ன பேசினார் என்பதைக் கமிட்டி ஒரு கொப்பியில் எழுத வேண்டும். நிர்வாகத்தோடு நடக்கிற பேச்சுவார்த்தையில் சம்பளம், நிறுவைக் கழிவு போல இதையும் ஒரு பிரச்சினையாக வைக்க வேண்டும். நம்மவர்களே கங்காணியாக நின்று நம் பெண்களை அப்படிப் பேசினாலும் அதே கொப்பியில் எழுத வேண்டும்.

இரண்டு, பெற்றோருக்கு நேரம். பாடசாலை முடிவது பகல் ஒன்றரைக்கு. கொழுந்து நிறுத்து முடிவது நாலரைக்குப் பிறகு. டீச்சரைப் பார்க்க வேண்டுமென்றால் அரைப்பேர் போக வேண்டும். அதனால்தான் பெற்றோர் கூட்டத்துக்கு நம் ஆட்கள் வருவதில்லை. 'தோட்டத்துப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை' என்று பெயர் வாங்குவதும் அதனால்தான். தவணைக்கு ஒரு தடவையாவது பெற்றோர் கூட்டத்துக்குச் சம்பளம் வெட்டாமல் அரைநாள் விட வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்போம். கூட்டத்தைச் சில நேரம் ஞாயிற்றுக்கிழமை வைக்கும்படி அதிபர்களிடமும் கேட்போம்.

மூன்று, பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதில் நமக்கு இடம் இருக்கிறது. பலர் சந்தாக் காசு கட்டுவதோடு நின்றுவிடுகிறோம். கூட்டத்தில் எழுந்து, "இரண்டு வகுப்புக்கு ஒரு டீச்சர் எப்படிப் போதும்?" என்று கேட்க வேண்டும். ஒரே அறையில் இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஒருவரிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆள் கொடு என்று அவருக்காகவும் நாம்தான் வலயத்திடம் கேட்க வேண்டும்.

கடைசியாக, பேரன் கதை. மறுபடி வகுப்பில் எழுந்து சத்தமாக வாசிக்க அவனுக்கு இரண்டு கிழமை எடுத்தது. டீச்சர் பிறகு ஒரு நாள் கரும்பலகையில் இரண்டு பக்கமாகக் கோடு போட்டு, ஒரு பக்கம் வீட்டில் சொல்கிற சொல், மறுபக்கம் புத்தகத்துச் சொல் என்று எழுதச் சொன்னாராம். இவன்தான் அதிகம் சொன்னானாம். அந்தக் கெட்ட வார்த்தை முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போன மாதம் கூட விளையாட்டில் ஒரு தரம் வந்தது. வந்ததும் தானாகவே வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

மாற வேண்டிய இன்னொரு ஆள் என் மகன். பெரட்டுக் கதையை இப்போதும் சொல்கிறான், சொல்லத்தான் வேண்டும். ஆனால் "ஐயா ரொம்ப மோசமாப் பேசினாரு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். மீதியைப் பிள்ளை தூங்கிய பிறகு என்னிடம் சொல்கிறான். நான் அதைத் திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடுதான் வருவேன். மற்ற டிவிசன்களிலிருந்து வருகிற தாய்மாரும் தங்கள் கொப்பியைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.